அரை நிமிஷ ஓட்டமும் என் நாத்தனாரும்

நாத்தனார் கையோடு தன் கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற அண்ணி இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். நாலு வருஷமாக, வாரத்துக்கு நாலு நாள், விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப்போய் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் முதல் நாள் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஓடிப் போயிடுவாங்கன்னா கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவளா, நானா என்று அவர் சொல்லவில்லை.

கட்டு என்றால் பெரிய வடமெல்லாம் இல்லை. ஒரு சாண் நாடா, இரண்டு முனையிலும் ஒரு வளையம். ஒரு வளையம் அவளுடைய வலது கை விரல்களில், இன்னொன்று என்னுடைய இடது கை விரல்களில். அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. வயது இருபத்தொன்பது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். இருபத்திரண்டு வயதில் கண் நரம்பில் ஒரு நோய் வந்து, ஒன்றரை வருஷத்துக்குள் பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இணைப்பு கொடுக்கிற வேலை. அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் எனக்கு வேலை. மேலே அவள் வார்டு வார்டாக ஆட்களைப் பேச வைப்பாள். கீழே நான் வார்டு வார்டாக வருகிற விரிப்புகளைத் துவைத்து, உருளை இஸ்திரியில் விட்டு, மடித்து அனுப்புவேன்.

எனக்கு நாற்பத்தொன்று நடக்கிறது. ஓட்டம் என்றால் பஸ்ஸுக்கு ஓடுவது என்று இருந்தவள் நான். முட்டி வலிக்கிறது என்று டாக்டரிடம் போனபோது அவர் நடக்கச் சொன்னார். "நானும் வரேன் அண்ணி, சும்மா உக்காந்து உக்காந்து எனக்கும் பித்துப் பிடிக்குது" என்றாள் சின்னவள். நடந்தோம். மூன்றாவது மாதம், "கொஞ்சம் ஓடிப் பாக்கலாமா?" என்றாள். நாத்தனார் கேட்டு அண்ணி மாட்டேன் என்றால் அது வீட்டில் வேறு கதையாகிவிடும் என்று ஓடினேன். அந்தக் கஞ்சத்தனமான காரணத்துக்காகத் தொடங்கிய ஓட்டம்தான், பிறகு எனக்கு நாள் முழுக்க இருந்ததிலேயே நல்ல ஒரு மணி நேரமாக ஆனது. இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னவள் ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று. பார்வையில்லாதவர்களுக்கான பெரிய போட்டிக்கு அணி எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. இருபது நிமிஷம் முப்பது நொடிக்குள் ஓடி முடித்தால் இடம். எங்களுடைய சிறந்த நேரம் இருபத்தொரு நிமிஷம் நாற்பது நொடி. எழுபது நொடிதானே என்று தோன்றும். ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் எழுபது நொடி என்றால் என்னவென்று. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

சின்னவளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் போன் செய்தார். நல்ல மனிதர், ஆனால் தேங்காய் உடைத்த மாதிரி பேசுவார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு வயசு இருக்கு, கால் இருக்கு. கூட ஓடுறவங்களுக்கு மூச்சு பத்தல. வழிகாட்டின்னா, ஓடுறவங்கள விட ஒரு படி மேல இருக்கணும். இல்லைன்னா வழிகாட்டி பாரமாயிடுவாங்க. தீயணைப்பு நிலையத்துல ஒருத்தர் இருக்கார். நல்லா ஓடுவார். இனிமே அவரோட பழகட்டும்."

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். நாலு வருஷம் மழையிலும் பனியிலும் கல்லைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து, நாயைத் துரத்தி, ஓடினவள் நான். இப்போது நான் பாரமா? என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் சின்னவள் என் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள்.

"சார், அஞ்சு வாரம் குடுங்க. அண்ணி தனியா ஓடிக் காட்டுவாங்க. இருபதே கால் நிமிஷத்துக்குள்ள ஓடலைன்னா அப்புறம் நீங்க சொல்றபடி."

போனை வைத்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்னடி நீ, இருபதே காலுன்னு வாய்க்கு வந்ததச் சொல்ற? நான் என்ன குதிரையா?"

"குதிரை இவ்வளவு பேசாது அண்ணி" என்றாள்.

எனக்குப் பயிற்சிக்கு நேரம் எங்கே இருக்கிறது? சலவைப் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றே வேலை. காலை ஓட்டம் போக, மிச்சம் இருப்பது மதியச் சாப்பாட்டு இடைவேளை, நாற்பது நிமிஷம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய துண்டுகளை நான் தனியாக வெள்ளையாக வெளுத்துக் கொடுப்பேன் என்பதால் என்மேல் கொஞ்சம் பிரியம். அவரிடம் போய் நின்றேன். முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாளைக் காட்டியதும் திட்டத்தைச் சொன்னார்.

"முப்பது நொடி, உயிரே போற மாதிரி ஓடணும். அப்புறம் நாலு நிமிஷம் சும்மா நடக்கணும். மறுபடி முப்பது நொடி. இப்படி நாலு தடவை. வாரத்துல மூணு நாள். போகப் போக ஆறு தடவை ஆக்கிக்கலாம்."

"மொத்தம் ஓடுறது ரெண்டு நிமிஷம்தானா?"

"ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் ஓடிட்டு இருபது நிமிஷ ஓட்டத்துக்குத் தயாராகலாம்னா, நான் ரெண்டு விரிப்பைத் துவைச்சுட்டு எல்லா வார்டுக்கும் அனுப்பிடலாமே."

அவர் சிரித்தார். "உடம்புக்கு மெதுவாச் சொன்னாலும் புரியும், அதட்டிச் சொன்னாலும் புரியும். மெதுவாச் சொல்ல உங்களுக்கு நேரமில்ல. முழு வேகத்துல ஓடுறப்ப தசைக்கு ஆக்சிஜன் பத்தாம திண்டாடும். அப்படி நாலு தடவை திண்டாட விட்டா, அடுத்த முறைக்கு அது தன்னைத் தயார் பண்ணிக்கும். ஆக்சிஜனை வாங்கி எரிக்கிற சக்தி கூடும். அதனால நீண்ட ஓட்டத்துலயும் மூச்சு தாங்கும். ஆனா ஒண்ணு, அந்த முப்பது நொடியில ஏமாத்தக் கூடாது. ஏமாத்தினா வெறும் வேர்வைதான் மிச்சம். இன்னொண்ணு, இது மந்திரமும் இல்ல. அஞ்சு வாரத்துல உங்களுக்கு இருபத்தஞ்சு வயசு ஆகிடாது."

சலவைப் பிரிவிலிருந்து வண்டி வந்து நிற்கிற இடம் வரை சிமெண்டுச் சரிவு ஒன்று மேலே போகும். விரிப்பு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வழி அது. நடுவில் ஒரு வளைவு. மதியத்தில் அந்த வழியில் ஒரு பூனைகூட வராது. அதுதான் என் மைதானம். சின்னவள் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு லிஃப்டில் இறங்கி வந்து, கவிழ்த்துப் போட்ட கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள். அவள் கையில் நேரம் சொல்லும் கடிகாரம். பயிற்சியாளர் எனக்கு யார் என்றால், வாயில் ரொட்டியை மென்றுகொண்டு "ஓடுங்க" என்று சொல்லும் இந்த மகராசிதான்.

முதல் நாள் முதல் ஓட்டம். மேலே போய்த் திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றேன். கூடைமேல் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, யாருக்குச் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'ஏத்தம், ஏத்தம், இடது வளைவு, தரையில ஈரம், பாத்து'ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே ஓடினீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

எனக்கே தெரியவில்லை. பிறகுதான் கவனித்தேன், இடது கையையும் நான் வீசாமல், நாடா பிடித்திருப்பதுபோல் மடக்கி ஒட்ட வைத்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். நாலு வருஷப் பழக்கம். யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாக ஓடுவது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இஸ்திரி உருளை பார்க்கிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பேய் ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது முறை வாயைக் கட்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது முறையும் அப்படித்தான். முடித்ததும், "எப்படி?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"ஏமாத்துறீங்க."

"எவ சொன்னா?"

"உங்க காலு சொல்லுது. முதல் நொடியில என்ன சத்தமோ, கடைசி நொடியிலயும் அதே சத்தம். நிஜமா முழுசா ஓடினா கடைசியில காலு தரையை அடிக்கணும், இழுக்கணும், சத்தம் மாறணும். நீங்க மிச்சம் வச்சு ஓடுறீங்க."

அவள் சொன்னது சத்தியம். மிச்சம் வைப்பது என் பிறவிக் குணம். சோப்பிலும் மிச்சம் வைப்பேன், சண்டையிலும் ஒரு வார்த்தை மிச்சம் வைப்பேன். வழிகாட்டி என்றால் இன்னும் மோசம். தான் களைத்தாலும் கூட வருகிறவளுக்கு வழி சொல்லக் கொஞ்சம் மூச்சை ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும். அதை விடச் சொன்னால் எப்படி விடுவது? நாலாவது முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். வளைவு தாண்டியதும் தொடை எரிந்தது. இருபதாவது நொடியில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றேன். நாக்குத் தள்ளிவிட்டது.

தூரத்திலிருந்து அவள் குரல் வந்தது. "இது ஓட்டம்."

இப்படியே போயிற்று. இரண்டாவது வாரம் படியேறினால் தொடை திட்டியது. மூன்றாவது வாரம் ஐந்து முறை ஆக்கினோம். ஓடி முடித்து வந்து சோபாவில் விழுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர், அவர் லிஃப்ட் மெக்கானிக், "இவ்வளவு சத்தம் போடுற லிஃப்டை நான் பூட்டி வச்சுட்டுத்தான் வேற வேலை பாப்பேன்" என்றார். ஆனாலும் இரவுச் சமையல் அந்த வாரங்களில் அவருடையதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் செய்ததைச் சாப்பிட்டதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் தனியாகப் பதக்கம் தரலாம்.

நாலாவது வாரத்தில் ஒரு காலை, மைதானத்தில் நாலு சுற்று முடித்தும் எனக்குப் பேச மூச்சிருந்தது. அது எனக்கே புதிது. எப்போதும் மூன்றாவது சுற்றுக்குமேல் என் பேச்சு "வளைவு", "நேர்" என்று சுருங்கிவிடும். அன்று வேலியோரம் கொடியில் காய்ந்த சட்டைகளின் நிறத்தைக்கூடச் சொன்னேன். "இன்னிக்கு ரேடியோ நல்லா எடுக்குது" என்றாள் சின்னவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை நிமிஷம், அரை நிமிஷமாக ஓடினது எங்கேயோ உள்ளே போய் வேலை செய்திருக்கிறது. அந்த பிசியோ அம்மாவின் துண்டுகளை அன்று இரண்டு முறை வெளுத்தேன்.

ஐந்து வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பயிற்சியாளர் மைதானத்துக்கு வந்தார். கூடவே தீயணைப்பு நிலையத்துக்காரரும் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தார். முதலில் நான் தனியாக ஓட வேண்டும். ஓடினேன். மிச்சம் வைக்காமல் ஓடினேன், சத்தியமாக. பன்னிரண்டரைச் சுற்று முடித்துக் கோட்டில் விழுந்தேன். பயிற்சியாளர் கடிகாரத்தைக் காட்டினார்.

இருபது நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி.

பயிற்சி தொடங்கிய வாரத்தில் அளவுக்காகத் தனியாக ஓடிப் பார்த்தபோது இருபத்தொன்று முப்பத்தைந்து. நாற்பத்து மூன்று நொடி குறைத்திருக்கிறேன், நாற்பத்தொரு வயசில், விரிப்பு வண்டி போகிற சரிவில் ஓடி. பயிற்சியாளரே அதை ஒப்புக்கொண்டார். "பெரிய விஷயம்மா இது" என்றார். பெரிய விஷயம்தான். ஆனால் கேட்டது இருபதே கால். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்தது சின்னவள். தீயணைப்புக்காரரோடு மூவாயிரம் மீட்டர் மட்டும் ஓடிப் பார்க்கட்டும் என்றார்கள். நான் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தேன். என் நாடா இன்னொருவர் கையில் போவதை அதுவரை நான் வெளியிலிருந்து பார்த்ததில்லை. முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. அவள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டும் நீளமாக இருந்தது. தலை ஆடவில்லை. என்னோடு ஓடுகிறபோது ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும் அந்தத் தலை, இப்போது நேராக இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் எட்டு நொடியில் மூவாயிரம் முடிந்தது. எங்களுக்கு அது எப்போதும் பதின்மூன்று நிமிஷம்.

தீயணைப்புக்காரர் நாடாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அன்றைய தினத்தின் முதல் வாக்கியத்தைச் சொன்னார். "இன்னும் இருந்துச்சு அவங்ககிட்ட."

வீட்டுக்கு வந்து சமையலறையில் அவளைப் பிடித்தேன். அவள் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எது அண்ணி?"

"என்கிட்ட நடிக்காத. இந்த வேகம் நேத்து வந்ததில்ல."

அவள் உரித்த முட்டையைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க மூணு எட்டுக்கு ஒரு மூச்சு விடுவீங்க. களைச்சா ரெண்டு எட்டுக்கு ஒண்ணு ஆகும். அது கேட்டா நான் கொஞ்சம் குறைச்சுக்குவேன். அவ்வளவுதான்."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா இருக்கும். ரெண்டரை."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. தட்டை நகர்த்தின வேகத்தில் ஒரு முட்டை உருண்டு தரையில் விழுந்தது. "நான் கேட்டேனா உன்னை? நான் குறைச்சுக்கோன்னு கேட்டேனா? ரெண்டரை வருஷம் என் மூச்சை எண்ணிக்கிட்டு ஓடினியா நீ? அன்னிக்கு சார் என்னைப் பாரம்னு சொன்னப்ப அவர் மேல கோபப்பட்டேனே, அவர் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லையே. உன் வயசு போகுதுடி. இந்தத் தடவை விட்டா அடுத்த அணி எப்ப எடுப்பாங்க, அப்ப உன் காலு இப்படி இருக்குமா?"

"எனக்கு உங்களோட ஓடப் பிடிச்சிருந்துது" என்றாள் அவள். "அவரோட ஓடினா சுத்திலும் ஒண்ணுமே இல்ல அண்ணி. வளைவுன்னு சொல்றார், வளையறேன். உங்களோட ஓடினா பால்காரர் இருக்கார், சட்டை காயுது, யார் வீட்டுலயோ சண்டை நடக்குது. கண்ணு போனப்புறம் எனக்கு ஊரைத் திருப்பிக் குடுத்தது நீங்க. அதை விட்டு நான் ஏன் வேகமா ஓடணும்?"

தரையில் விழுந்த முட்டையைக் கழுவி நானே சாப்பிட்டேன். எனக்கு இவ்வளவு பெரிய மரியாதையை ஒருத்தி இரண்டரை வருஷமாகச் சொல்லாமல் செய்திருக்கிறாள். ஆனால் அதற்கு அவள் கொடுத்தது அவளுடைய வேகத்தை. அதை நான் வாங்கிக்கொள்ளக் கூடாது. நன்றியும் வெட்கமும் ஒன்றாக வந்தால் வாயில் சோறு இறங்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை நானே பயிற்சியாளருக்குப் போன் செய்தேன்.

"சார், ஐயாயிரத்துக்கு ரெண்டு வழிகாட்டி வச்சுக்க விதியில இடமிருக்குன்னு ஒரு தடவை சொன்னீங்க. நடுவுல மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாம். எதிர்ப்பக்க நேர்ப்பாதையில, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம மாத்தணும்."

"அப்ப அவ வேகத்துல நான் ஏழு சுத்து ஓடறேன். மிச்சம் அவர் ஓடட்டும். முழுசா அவருக்கே குடுக்கணும்னு சொல்லுங்க, குடுத்துடறேன். ஆனா தொடக்கத்துல கூட்டமா நெருக்கி ஓடுவாங்க. அங்க அவளுக்கு என் குரல் பழக்கம்."

அவர் யோசித்தார். "சரி" என்றார். பிறகு, "இந்தப் போனை எல்லாரும் பண்ண மாட்டாங்கம்மா" என்றார். தேங்காய் உடைக்கிறவருக்கும் இளகின குரல் ஒன்று இருக்கிறது.

சின்னவளிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விடவில்லை. "ஒரே ஒரு நிபந்தனை. அன்னிக்கு நீ என் மூச்சை எண்ணக் கூடாது. நான் செத்து விழுந்தாலும் குறைக்கக் கூடாது. குறைச்சேன்னு தெரிஞ்சா அப்புறம் உன்னோட நான் ஓடவே மாட்டேன். இது என் பிள்ளைகள் மேல சத்தியம்."

"உங்களுக்குப் பிள்ளையே இல்லையே அண்ணி."

"இருந்திருந்தா அவங்க மேல."

மிச்சமிருந்த நாட்களில் தீயணைப்புக்காரரோடு நாடா மாற்றப் பழகினோம். ஓடிக்கொண்டே என் கையிலிருக்கும் வளையத்துக்குள் அவர் விரலை நுழைக்க வேண்டும், பிறகு நான் விரலை உருவ வேண்டும். முதல் நாள் அவர் என் சுண்டு விரலையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். "என்னை இல்ல சார், நாடாவை" என்றேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

தேர்வு நாள். மேகமூட்டம், காற்றில்லை. ஓடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. பார்வையாளர் மேடையில் என் வீட்டுக்காரர் வேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நாடாவை மாட்டிக்கொண்டோம்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கூட்டம் உள்பக்கமாக நெருக்கியது. "முன்னால ரெண்டு பேர், வெளிய வா, வா, இப்ப நேர்" என்று பேசிக்கொண்டே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் வழி தெளிந்தது. அவள் வேகத்தைப் பிடித்தாள். அந்த எட்டின் நீளத்தை முதல் முறையாக என் கையில் உணர்ந்தேன். நாடா ஒரு முறைகூடத் தளரவில்லை. மூன்று, நாலு, ஐந்து. எனக்குப் பேச மூச்சிருந்தது. "மேடையில உங்கண்ணன் எழுந்து நிக்கிறார், பக்கத்துல இருக்கிறவரோட தோளைப் போட்டு உலுக்குறார்" என்றேன். ஆறாவது சுற்றில் தொடை எரியத் தொடங்கியது. அந்த எரிச்சல் எனக்குப் புதிதில்லை. சரிவின் வளைவில் வாரத்துக்கு மூன்று நாள் பார்த்துப் பழகின எரிச்சல்தான்.

ஏழாவது சுற்று. எதிர்ப்பக்கத்தில் தீயணைப்புக்காரர் தயாராக நின்றார். நான் தலையை ஆட்டினேன், இப்போது வேண்டாம் என்று. எட்டாவது சுற்றிலும் ஆட்டினேன். ஆசைதான், ஒளிப்பானேன். அந்த வேகத்தில் அவளோடு ஓடுகிற ஒவ்வொரு சுற்றும் எனக்குக் கிடைத்த வரம். ஒன்பதாவது சுற்றின் வளைவில் என் மூச்சு இரண்டு எட்டுக்கு ஒன்றானது. அது எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் குறைப்பாளோ என்று நாடாவையே பார்த்தேன். நாடா முன்னால் இழுத்தது. அவள் குறைக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று தாங்குவேனோ என்று ஒரு நொடி தோன்றியது. தாங்கியிருப்பேன்தான், அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"மாத்துறேன்" என்றேன்.

வெளிப்பக்கமாக அவர் வந்து சேர்ந்தார். வளையத்துக்குள் அவருடைய விரல் வந்தது. என் விரலை உருவினேன். அவள் திரும்பவில்லை. ஒரு கணம்கூடத் தலையைச் சாய்க்கவில்லை. நான் பாதைக்கு வெளியே போய்க் கால் மடங்கி விழுந்தேன். மண் வாயில் ஒட்டியது. மூன்று சுற்றுக்குமேல் மிச்சமிருந்தது. நான் எழுந்து நிற்கவும், நின்றபின் நடக்கவும், நடந்து முடிவுக் கோட்டுக்கு வரவும் அந்த நேரம் சரியாக இருந்தது. அவள் போகிற வேகத்தைப் பார்த்து, யாரோ தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் என்னைத் தட்டிக் கொடுத்தார், பாவம்.

கடைசி நேர்ப்பாதையில் தீயணைப்புக்காரர் ஒழுங்காக அரை எட்டு பின்னால் வந்தார். வழிகாட்டி முந்திவிட்டால் ஓட்டமே செல்லாது. அவள் மார்பு முதலில் கோட்டைக் கடந்தது. பலகையில் எண் வந்தது. இருபது நிமிஷம் இருபத்து மூன்று நொடி. கேட்டதைவிட ஏழு நொடி குறைவு.

அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீயணைப்புக்காரர் வாய்விட்டுச் சொன்னார், "இருபது இருபத்து மூணு." சொல்லிவிட்டு நாடாவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் அவள் தோளைத் தொட்டேன். தொட்டதுமே யாரென்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாகச் சொல்லாததைச் சொல்ல வேண்டும் என்று வந்தவள், வந்து நின்று விசும்பிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "எத்தனை சுத்து ஓடினீங்க?"

"ஒம்பது."

"ஏழுதானே?"

"ஒம்பது ஓடினேன்டி."

அவள் முகம் வாடிவிட்டது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியல. உங்க மூச்சு எப்ப ஏறுச்சு, எப்ப ரெண்டு எட்டுக்கு வந்துச்சு, எதுவுமே எனக்குத் தெரியல. ஓடுறதுலயே போயிட்டேன். ஒரு தடவை கூட உங்களைக் கேக்கல அண்ணி. மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பா?" என்றேன் நான், அவள் வியர்வை முகத்தை என் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே. "இந்த ஒண்ணுக்காகத்தான்டி நான் அஞ்சு வாரம் செத்துச் செத்துப் பிழைச்சேன்."